பிள்ளையாரிடம் திருப்பி வாங்கிய ஓடுகள்

எங்கள் சூளை ஓடுகளைக் குறைசொல்லி அரசாங்கக் கட்டடக் கந்தோருக்குப் போன பெட்டிசத்தில் குரங்கும் இருந்தது. வன்னியில் குரங்கு அதிகம், உள்ளூர் ஓடு பலமில்லாதது, ஒரு குரங்கு பாய்ந்தாலே கூரை பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தலையில் விழும் என்று எழுதி, வவுனியாவிலிருந்த கொந்தராத்துக்காரர்கள் ஒன்பது பேர் கையெழுத்து வைத்திருந்தார்கள். கப்பலில் வந்த ஓடென்றால் குரங்கு செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக நடக்கும் போலிருக்கிறது. வாசித்துச் சொன்ன இஞ்சினியருக்கே சிரிப்பு வந்தது. எனக்கு உச்சந்தலை வரை பற்றி எரிந்தது.

அறுபதுகளின் தொடக்கம் அது. வெளிநாட்டுச் சாமான் வாங்க அரசாங்கத்தின் கையில் காசில்லை. அரசாங்கக் கட்டடம் எதுவானாலும் உள்ளூரில் கிடைக்கும் பொருளைத்தான் முதலில் வாங்க வேண்டும் என்று கொழும்பிலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. கனகராயன்குளத்துக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடம் சுவர் முடிந்து கூரைக்காகக் காத்து நின்றது. அந்தப் பக்கத்தில் ஓட்டுச் சூளை வைத்திருந்தவர்கள் ஓமந்தையில் இருந்த நாங்கள் மட்டும்தான்.

நாங்கள் என்றால் நானும் இவரும், கூலிக்கு வந்த நாலு பெண்களும். கலியாணம் முடித்து நாலு வருடம் யாழ்ப்பாணத்தில் இவருடைய தமையன் வீட்டு ஒற்றை அறைக்குள் இருந்துவிட்டு, குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்ததும் வந்தவர்கள். புறப்பட்ட அன்று தமையனார் வாசல் படலையில் நின்று, "ஆறு மாதத்தில திரும்பி வருவியள். அறையைப் பூட்டாமல் வைக்கிறன்" என்றார். கிடைத்த காணியில் முக்கால்வாசி நெல்லுக்கு உதவாத களி. அதைக் குழைத்து அச்சில் வளைத்து, பீலி ஓடாகச் சுட்டோம். ஊரெல்லாம் ஓலைக்கூரை, ஓடு வாங்குவோர் குறைவு. பள்ளிக்கூடத்து வேலை கிடைக்காவிட்டால் சூளையை மூடிவிட்டு அந்தப் பூட்டாத அறைக்குத்தான் போக வேண்டும். செத்தாலும் போவதில்லை என்று நான் முடிவெடுத்திருந்தேன்.

கந்தோரில் மாதிரிக்கு ஆறு ஓடு கேட்டார்கள், அனுப்பினோம். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, மணலில் கவிழ்த்து, மேலே மூட்டை ஏற்றினார்கள். மூன்று ஓடு வெடித்தது. பெட்டிசம் எழுதியவர்களுக்கு வாயெல்லாம் பல்.

இதில் என் பிழையும் உண்டு, அதைச் சொல்லாமல் விடமாட்டேன். ஒவ்வொரு முறையும் சுட்டு முடிந்து சூளை பிரித்தால் நடுவில் நன்றாக வெந்த ஓட்டையெல்லாம் பொறுக்கிக் குளக்கட்டுப் பிள்ளையாருக்கு ஒதுக்கிவிடுவோம். கோயில் அப்போது ஓலைக்குக் கீழே இருந்தது. ஓடு போடுவதற்காகக் கோயில் வாசலில் அடுக்கிக்கொண்டு வந்தோம். மிச்சம்தான் விற்பனைக்கு. கந்தோரிலிருந்து ஆள் வந்தபோது, சூளை ஓரத்தில் கிடந்த அரைவேக்காட்டு ஓட்டில் ஆறை எடுத்து, "கவுண்மேந்துக்கு இது காணும்" என்று கொடுத்தது நான். என் வாயால்தான் சொன்னேன். கொந்தராத்துக்காரர் ஒன்பது பேரும் சேர்ந்து செய்ய முடியாததை நான் ஒருத்தியே செய்து வைத்தேன்.

நான் கந்தோருக்குப் போய் நின்றபோது, பெட்டிசத்தில் முதல் கையெழுத்து வைத்த, பள்ளிக்கூடத்தைக் கட்டிக்கொண்டிருந்த முதலாளியும் அங்கே கதிரையில் இருந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சாமான் அடுக்கும் அவருடைய கிட்டங்கி நிறைய இந்திய ஓடு விற்காமல் கிடந்தது.

"தங்கச்சி, கோவிக்காதேங்கோ. கூரை ஒழுகினால் பெயர் கெடுறது எனக்கு, உங்களுக்கில்லை. இப்பிடி உள்ளூர்ச் சாமானை எங்கட தலையில கட்டினால் நாளைக்கு ஒருத்தரும் கவுண்மேந்து வேலை எடுக்க மாட்டினம். பிள்ளையள் மரத்துக்குக் கீழதான் படிக்க வேணும்."

"கூரைக் கவலையோ, கிட்டங்கிக் கவலையோ முதலாளி?" என்று கேட்டேன். பிறகு இஞ்சினியரைப் பார்த்து, "ஐயா, நான் கூடாத ஓட்டை அனுப்பிப்போட்டன். பிழை என்னில. நல்ல ஓட்டோட வாறன். உவரும் வந்து நிண்டு பாக்கட்டும்" என்றேன். இஞ்சினியர் ஒரு கிழமை தவணை தந்தார், ஏழே நாள்.

ஒரு கிழமையில் ஓடு எங்கேயிருந்து வரும்? ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. களி வெட்டுகிற குழியில் தண்ணீர், விறகெல்லாம் ஈரம். நடுச் சூளையில் வெந்த ஓடு பிள்ளையார் வாசலில் மட்டும்தான் இருந்தது. இவரிடம் சொன்னேன். கொடுத்ததைக் கேட்க எனக்கு முகமில்லை என்று குனிந்துகொண்டார். எனக்கு முகம் இருந்தது. வண்டிலைக் கட்டிக்கொண்டு போனேன்.

பூசாரியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பிள்ளை, சாமிக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேக்கிற ஆளை நான் இண்டைக்குத்தான் காணுறன்."

"களவெடுக்க வரேல்லை. கேட்டுத்தான் எடுக்கிறன்."

"நான் எடுத்துத் தரமாட்டன். மறிக்கவும் மாட்டன். அவரோட கதைச்சுக்கொள்ளும்" என்று உள்ளே கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

கற்பூரம் கொளுத்திக் கதைத்தேன். மன்றாடவில்லை. நல்லதையெல்லாம் உனக்குத் தந்துவிட்டு எங்கள் பிள்ளைகளின் தலைக்கு மேலே போவதற்கு அரைவேக்காட்டைக் கொடுத்தது என் புத்திக்கேடு, அதைத் திருத்தப் போகிறேன் என்று சொன்னேன். பன்னிரண்டு ஓட்டை வைக்கோலுக்குள் வைத்துக் கட்டினேன்.

கந்தோர் முற்றத்தில் பன்னிரண்டையும் ஊறவிட்டார்கள். மறுநாள் மணலில் கவிழ்த்து மூட்டை ஏற்றினார்கள். ஒன்றும் அசையவில்லை. முதலாளி விடவில்லை. "மூட்டை சும்மா கிடக்கும். குரங்கு பாயுமெல்லோ?" என்றார்.

"அப்ப நீங்கள் ஏறிப் பாயுங்கோ முதலாளி."

இஞ்சினியர் சட்டைப் பையிலிருந்த லேஞ்சியை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். முதலாளிக்குக் காது சிவந்தது, ஆனாலும் ரோசக்காரர். "உடைஞ்சால் அழக்கூடாது" என்று சொல்லிச் செருப்பைக் கழற்றினார். நல்ல பாரமான உடம்பு. ஓட்டின் மேல் ஏறி நின்றார். ஒரு தரம் குதித்தார். கோபத்தில் இன்னொரு தரமும் குதித்தார். ஓடு அப்படியே கிடந்தது. அவர் இறங்கி, குனிந்து அதைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தார். "நல்ல வேக்காடு" என்றார். அதை அவர் வாயால் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது உண்மைதான். அவருக்கு முன்னால் அழவில்லை.

வேலை கிடைத்தது. ஆனால் பெட்டிசமும் முழுக்க வீண்போகவில்லை. தை பிறப்பதற்குள் உள்ளூர் ஓடு முழுவதும் வந்து சேராவிட்டால் வெளிநாட்டு ஓட்டை வாங்கலாம் என்று கடிதத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். மாரியில் ஓடு சுட முடியாது என்பது அந்த வரியைச் சேர்க்கச் சொன்னவர்களுக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் கிடந்த ஓடு முழுவதையும் நானும் அந்த நாலு பெண்களும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தோம். கணீரென்றது ஒரு பக்கம், மொத்தென்றது மறுபக்கம். மொத்தென்றதில் ஒன்றுகூட வண்டிலில் ஏறவில்லை. கூரைக்குக் கால்வாசி குறைந்தது. கோயில் வாசலில் அடுக்கியிருந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

இந்த முறை கோயிலுக்கு வண்டிலோடு இவரும் வந்தார், வாசலில் இருந்த மிச்ச ஓடு முழுவதையும் ஏற்றினோம். ஊர்ச்சனம் குளக்கட்டில் நின்று பார்த்தது. தெய்வக் குற்றம் என்றார்கள், யாழ்ப்பாணத்து வாய்க்காரி என்றார்கள். அடுத்த மாதம் இவருக்குக் காய்ச்சல் வந்ததும், பார்த்தாயா என்றார்கள். ஆஸ்பத்திரி மருந்தில் நாலு நாளில் எழும்பிவிட்டார். தைப்பொங்கலுக்கு முன்னமே பள்ளிக்கூடத்துக் கூரை முடிந்தது. குரங்குகள் அன்றைக்கே ஏறிப் பார்த்தன.

அடுத்த வருடம் நடுச் சூளை ஓடு ஒரு மருந்துச் சாலைக்குப் போனது. கோயிலுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடிக்க அதற்கடுத்த வருடச் சூளைவரை ஆனது. தமையனாருக்குக் கடிதம் எழுதி அறையைப் பூட்டச் சொன்னேன்.

பிள்ளையார் மேலும் இரண்டு மாரி ஓலைக்குக் கீழே இருந்தார். நனைந்தார். அவர் பெட்டிசம் எழுதவில்லை.