உறையாத கொழுப்பு

அறுபதுகளில் நாங்கள் மன்னார்புரத்தில் குடியிருந்தோம். என் கணவர் காசநோயில் படுத்துவிட்டார். "தினமும் வேர்க்கடலை குடுங்கம்மா, உடம்பு தேறும்" என்றார் டாக்டர். கிண்ணம் நிறைய அவித்துக் கட்டிலருகே வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். திரும்பி வந்தால் கிண்ணம் காலியாக இருக்கும்.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமாங்க?"

"வையி. நல்லாத்தான் இருக்கு."

ஆனாலும் அவர் மெலிந்துகொண்டே போனார். ஜன்னலுக்கு வெளியே பட்டியில் நான் வளர்த்த பன்றிதான் கிடுகிடுவெனக் கொழுத்தது.

கார்த்திகையில் அவர் போய்விட்டார். மார்கழியில் பன்றியை விற்றேன். கொல்லையிலேயே அறுத்த கறிக்கடைக்காரர் கொழுப்பை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"கடலையாப் போட்டு வளத்தீங்களாம்மா? இந்தக் குளிர்லயும் ஒறையாம எண்ணெயாக் கசியுதே. தவிடு தின்ன பன்னின்னா கொழுப்பு கட்டியா நிக்கும்."

"தவிடும் கஞ்சித்தண்ணியுந்தாங்க வச்சேன்" என்று சொல்லிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தேன். கட்டிலில் படுத்தபடியே கை நீட்டினால் பட்டிக்குள் கடலையைப் போட்டுவிடலாம்.

தின்ன முடியவில்லை என்று சொன்னால் நான் உடைந்துபோவேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இன்றும் வீட்டில் யாராவது காலித் தட்டை நீட்டினால், தட்டை விட்டுவிட்டு முகத்தைத்தான் பார்க்கிறேன்.