கண்ணாத்தாளின் மைக்

மயில்சாமி அண்ணனைத் தெரியாது என்று திருச்செங்கோட்டுப் பக்கம் யாராவது சொன்னால், அவர்கள் ஒரு மாரியம்மன் நோம்பிக்கும் போனதில்லை என்று அர்த்தம். தலை நரைக்கிற வரைக்கும் மைக் செட் வைத்திருந்தவர். எனக்குப் பக்கத்து வீடு. நான் தையல் மெஷினில் உட்கார்ந்தால் அவர் வீட்டில் நடப்பதெல்லாம் என் காதில் விழும்.

நோம்பி வந்தால் வடக்குத் தெருவுக்கும் தெற்குத் தெருவுக்கும் போட்டி. "அவிங்களை விட ரெண்டு மடங்கு கேக்கோணுங்ணா" என்று வந்து நிற்பார்கள். அண்ணன் சிரிப்பார்.

"வாட்ஸை ரெண்டு மடங்கு ஏத்துனா சத்தம் ரெண்டு மடங்கு ஆவாது சாமி. கொஞ்சூண்டுதான் ஏறும். காதுக்கு ரெண்டு மடங்காக் கேக்கோணும்னா பவர் பத்து மடங்கு வேணும். அதுக்கு ஸ்பீக்கர் பாக்ஸைக் கிட்டக் கொண்டாந்து வைங்க. பாதித் தூரத்துக்கு வந்தாலே நாலு மடங்கு பவர் போட்ட மாதிரி."

யார் கேட்டார்கள்? வீம்புக்குப் பாக்ஸ் மேல் பாக்ஸ் ஏறியது. அதை ஒட்டியே நின்று வேலை பார்த்தவருக்குக் காது போனது.

அது அப்போது பெரிய குறையாகத் தெரியவில்லை. அவர் மனைவி கண்ணாத்தாக்காவின் தொண்டை அப்படி. ரோட்டில் நின்று கூப்பிட்டால் கொல்லையில் இருக்கிறவருக்குக் கேட்கும். போன வருஷம் அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. ஆபரேஷன் முடிந்து உயிரோடு வந்தாள். குரல் வரவில்லை. வெறும் காற்றாக ஒரு முணுமுணுப்பு மட்டும் மிஞ்சியது.

அண்ணன் காது மிஷின் மாட்டிப் பார்த்தார். சத்தம் கேட்டது, பேச்சு புரியவில்லை. எழுதிக் காட்டலாம் என்றால் அக்காவுக்கு எழுதத் தெரியாது. உடனே பரணில் கிடந்த ஆம்ப்ளிஃபயரை இறக்கினார். மைக்கை அக்கா கையில் கொடுத்தார்.

"ஏனுங்க, சோறு ஆறுதுங்க." முதல் நாள் பாக்ஸில் வந்தது இதுதான். தெரு முழுக்கக் கேட்டது. அவருக்கு மட்டும் கரகரவென்று ஏதோ வந்ததாம். சத்தம் ஏற்றும் குமிழைத் திருகினார். மைக் ஊளையிட்டது. மைக்கும் பாக்ஸும் பக்கத்தில் இருந்தால் ஊளையிடும் என்று பாக்ஸை முன் அறைக்குக் கொண்டு போனார். அக்கா உள் அறையில் மைக்கோடு, இவர் முன் அறையில் பாக்ஸில் காதை ஒட்டிக்கொண்டு. பிறகு பெரிய ஆம்ப்ளிஃபயர் வந்தது. இன்னொரு பாக்ஸும் வந்தது.

தெருப் பையன்களுக்குக் கொண்டாட்டம். "சித்தப்பா, சோறு ஆறுதாமா!" என்று வாசலில் நின்று கத்துவார்கள். இவர் ஒன்றும் கேட்காமல் கையை ஆட்டுவார். அக்காவுக்கு மானம் போயிற்று. மைக்கைத் தொடுவதையே குறைத்துக்கொண்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே போய் அவர் காதில் கத்தினேன். "ஏனுங்ணா, கிட்ட வந்தாப் போதும்னு ஊருக்குச் சொன்னதெல்லாம் உங்களுக்கு மறந்து போச்சுங்களா?"

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கிவிட்டது. "அவ கொரலு எனக்கு மறந்து போயிரும்னு பயமா இருக்குது ரஞ்சனி. ஒருக்காக் கேட்டாப் போதும்" என்றார்.

ஆடி மாதம் கட்டி திரும்ப வந்தது. இனி வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் மத்தியானம் நான்தான் அக்காவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். ரெண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. கையால் தடவி மைக்கை எடுத்தாள்.

"ஏனுங்க… கிட்ட வந்து உக்காருங்க."

தெருவில் தக்காளி விற்கிறவன் வண்டியை நிறுத்திவிட்டான். முன் அறையிலிருந்து அண்ணன் குரல் கொடுத்தார். "இரு கண்ணு, இரு, ஏத்தறேன்!"

"கிட்ட வாங்க…"

இன்னும் ஏற்றினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நான் கஞ்சிக் கிண்ணத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். ஒரு கை குமிழில், ஒரு காது பாக்ஸில், கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார். கையைப் பிடித்து இழுத்து வந்தேன். நாங்கள் வருவதற்குள் மைக் அக்காவின் நெஞ்சில் சாய்ந்து கிடந்தது. நெஞ்சு அசையவில்லை.

அவர் என்னைத்தான் பார்த்தார். "என்ன சொன்னா ரஞ்சனி? என்னமோ சொன்னா. என்னன்னு சொல்லு."

அவர் காதில் வாயை வைத்துக் கத்தினேன். "கிட்ட வரச் சொன்னாங்ணா! கிட்ட வந்து உக்காரச் சொன்னாங்க!"

மைக்கை யாரும் அணைக்கவில்லை. நான் கத்தியது முன் அறை பாக்ஸில் போய் தெரு முழுக்கக் கேட்டது. அண்ணனுக்கும் கேட்டது. மெதுவாகக் கட்டிலோரம் உட்கார்ந்து, அக்காவின் வாய்மேல் காதை வைத்துக்கொண்டார்.

"வந்துட்டேன் கண்ணு, சொல்லு" என்றார்.