சுருவம் ஏறிய வள்ளம்

ஈரச் சுண்ணாம்பின் மணம் மூக்கில் ஏறினால் இன்றும் எனக்குக் கோபம்தான் வருகிறது. நெடுந்தீவில் எங்கள் கத்தோலிக்கக் கோயில் திருநாளுக்கு ஒரு கிழமைக்கு முன்பே கடல் முருகைக்கல்லால் கட்டிய மதிலுக்கெல்லாம் வெள்ளையடித்துவிடுவார்கள். தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று அந்த மணத்தை அள்ளி வந்து அம்மா சமைக்கிற குசினிக்குள்ளும் கொட்டும். மற்றப் பிள்ளைகளுக்கு அது புதுச்சட்டை போடப்போகிற நாளின் மணம். எனக்குப் பத்து வயதாயிருந்த அந்தச் சோளகத்தில், அது என் தங்கை ஜெசிந்தாவின் காய்ச்சலோடு கலந்துவிட்டது.

ஜெசிந்தாவுக்கு அப்போது ஆறு வயது. வாய் ஓயாதவள். கரையை நோக்கி வரும் வள்ளத்தின் இயந்திரச் சத்தத்தை வீட்டுக்குள் இருந்தே கேட்டு, இது இன்னாருடைய வள்ளம் என்று சொல்லிவிடுவாள். அப்பாவின் வள்ளமென்றால் சோற்றுக் கோப்பையைப் போட்டுவிட்டுக் கடற்கரைக்கு ஓடுவாள். திருநாளுக்கு மூன்று நாள் இருக்கையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. திருநாளன்று காலையில் கழுத்து விறைத்து, கண் மேலே செருகி, வலிப்பு வந்தது. அப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தீவு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். டாக்குத்தர் பார்த்த உடனேயே ஊசி ஒன்றைப் போட்டு, "இது மூளைக்காய்ச்சல் போல கிடக்கு, இங்க வைச்சிருக்க ஏலாது, உடன யாழ்ப்பாணம் கொண்டுபோங்கோ" என்று துண்டும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

காலையில் அக்கரையிலுள்ள குறிகட்டுவான் துறைக்குப் போன பயணிகள் படகு திரும்பி வரப் பின்னேரமாகும். அப்பாவின் வள்ளம் கரையோரம் வலை போடுகிற சின்ன வள்ளம். அந்தக் காற்றில் அது நடுக்கடலில் கவிழ்ந்துவிடும். கடலுக்கு ஈடுகொடுக்கக்கூடிய பெரிய வள்ளம் ஒன்றுதான் துறையில் நின்றது. அது எங்கள் கோயில் மூப்பருடையது. மூப்பர் என்றால் கோயில் காரியங்களை முன்னின்று நடத்துகிற பெரிய மனிதர். பூசை வைக்கிற சுவாமியார் மற்றத் தீவுகளுக்கும் போய்வருகிறவர் ஆகையால், எங்கள் பக்கத்தில் மூப்பர் சொன்னதுதான் நடக்கும். அன்று அந்த வள்ளத்தில் தென்னோலைத் தோரணமும் கடதாசிப் பூக்களும் கட்டி, புனிதரின் சிலையை, எங்கள் பேச்சில் "சுருவத்தை", ஏற்றி வைத்திருந்தார்கள். கரையோரமாகக் கடல் பவனி போவதற்காக.

நாங்கள் துறைக்குப் போனபோது பாட்டு தொடங்கிவிட்டது. அப்பா மூப்பரின் முன்னால் போய் நின்று, பிள்ளைக்கு வலிப்பு வந்ததையும் டாக்குத்தர் சொன்னதையும் சொன்னார். மூப்பர் கெட்டவரல்ல. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் எழுதுகிறவள் ஆவேன். அவர் ஜெசிந்தாவின் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டார், அவர் கண்ணும் கலங்கியது. பிறகு சொன்னார்: "சுருவம் ஏத்தியாச்சு, இனி இறக்க ஏலாது. வெளியூர்ச் சனமெல்லாம் வந்து நிக்குது. ரெண்டு மணித்தியாலத்தில பவனி முடிஞ்சிடும், முடிஞ்ச கையோட கொண்டுபோவம். அதுக்கிடையில செபமாலை சொல்லுங்கோ. புனிதர் பாத்துக்கொள்ளுவார்."

அப்பா அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. அதை நான் அவருக்கு இன்னும் மன்னிக்கவில்லை. அவருக்கும் அது தெரியும்.

அம்மா துறையின் சீமெந்துத் தரையில் உட்கார்ந்து, ஜெசிந்தாவை மடியில் கிடத்தி, சேலைத் தலைப்பைத் தண்ணீரில் நனைத்து அவள் தலையில் போட்டபடி இருந்தார். நான் குடை பிடித்தேன். காற்று அதை இரண்டு தரம் பறித்தது. வள்ளம் எங்கள் கண்முன்னே போனது, வந்தது, ஒளிப்படம் எடுக்கவேண்டும் என்று யாரோ கேட்டதற்காக மறுபடியும் போனது. இரண்டு மணித்தியாலம் நாலரை மணித்தியாலமானது. சுருவத்தை இறக்கிக் கோயிலுக்குள் வைத்து, கடைசிச் செபமும் சொல்லி முடித்த பிறகே எங்களை ஏற்றினார்கள். தோரணத்தை அவிழ்க்க நேரமிருக்கவில்லை. கடதாசிப் பூக்கள் நனைந்து என் தங்கையின் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன.

அவள் பிழைத்தாள். யாழ்ப்பாணத்தில் ஒரு மாதம் கிடந்து எழும்பினாள். கூப்பிட்டதற்கு அவள் திரும்பாததைக் காய்ச்சலின் களைப்பென்றே எல்லோரும் நினைத்திருந்தோம். "ஏன் இவ்வளவு நேரம் சுணங்கிக் கொண்டுவந்தனீங்கள்?" என்று அங்கிருந்த டாக்குத்தர் அம்மாவிடம் கேட்டார். வீட்டுக்குத் திரும்பி வந்த இரண்டாம் நாள், ஜெசிந்தா கடற்கரையில் மண் கிளறிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அப்பாவின் வள்ளம் படபடவென்று வந்து கரையேறியது. அவள் திரும்பவில்லை. அப்பா இயந்திரத்தை நிறுத்தாமல் நின்று அவளையே பார்த்தார். நான் ஓடிப்போய் அம்மாவைக் கூட்டிவந்தேன்.

பிறகு சனம் ஆறுதல் சொல்ல வந்தது. ஒருநாள் மூப்பரும் வந்தார். பாணும் விசுக்கோத்தும் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, கதிரையில் இருந்து, அம்மாவைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்:

"றோசலின், ஆண்டவர் தான் விரும்புற ஆக்களைத்தான் சோதிக்கிறவர். தட்டான் பொன்னை நெருப்பில போடுறது எதுக்கு? உம்மைப் பொறுமையில வளக்கத்தான் இந்தச் சோதனை. நீர் அதைச் சந்தோசமா ஏற்கவேணும்."

அம்மா நின்றபடியே கேட்டார். "மூப்பர், அண்டைக்கு வள்ளத்தை விடாதது ஆண்டவரோ, நீங்களோ?"

"றோசலின், சும்மா இரும்" என்றார் அப்பா. மூப்பர் தேத்தண்ணீரைக் குடிக்காமல் எழும்பிப் போனார். அன்றிலிருந்து ஊருக்கு அம்மா "வாய்க்கொழுப்புக்காரி".

எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பரீட்சைக்கும் "சோதினை" என்றுதான் சொல்வோம். அந்த வருடம் நான் புலமைப்பரிசில் சோதினைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் ரீச்சர் என் பக்கம் கையைக் காட்டி, "இந்தப் பிள்ளையின்ர தங்கச்சியால ஆண்டவர் அந்தக் குடும்பத்தைச் சோதிச்சு விசுவாசத்தில வளக்கிறார்" என்றார். நான் எழும்பிக் கேட்டேன்: "சோதினை எங்களுக்கெண்டால், ரீச்சர், ஏன் தங்கச்சியின்ர காது போனது?" வகுப்பு முடியும்வரை என்னை வெளியே நிற்க வைத்தார்கள். ஒருத்தியின் பொறுமையை வளர்க்க இன்னொருத்தியின் காதை எடுக்கிற கடவுளை நான் எப்படி அப்பா என்று கூப்பிடுவது? என் தங்கை ஒருவருடைய குணத்தையும் செதுக்குவதற்கான உளி அல்ல.

அம்மாவோ கோயிலுக்குப் போவதை ஒருநாளும் நிறுத்தவில்லை. எனக்கு அது விளங்கவில்லை. மாவைக் குழைத்துக்கொண்டிருந்தவரிடம் ஒருநாள் கேட்டேன், உங்களுக்குக் கடவுளோடு கோபமில்லையா என்று. "அவரோட எனக்கென்ன கோபம்? அவர்ட தலையில பழியைக் கட்டிவிடுறவையோடதான் கோபம். இதை நடத்தினவர் அவரில்லை, பிள்ளை. நடந்தாப் பிறகு என்னோட வந்து இருந்தவர்" என்றார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. இன்னும் போதவில்லை. ஆனால் அதைச் சொன்னபோது அம்மாவின் முகத்தில் இருந்த தெளிவை நான் வேறொருவரிடமும் கண்டதில்லை.

அடுத்த வருடத் திருநாளன்று சுருவத்தைத் தூக்கிக்கொண்டு துறைக்கு வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். வள்ளத்துக்கு இறங்கும் படியில் அம்மா ஜெசிந்தாவோடு இருந்தார்.

"ஒரு நல்ல வள்ளம் பவனிக்குப் போகாமல் இங்க நிக்கவேணும், வருத்தக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக. அதுக்கு ஆளைச் சொல்லுங்கோ, நான் எழும்புறன்."

"இவ்வளவு நடந்தும் உமக்குப் பொறுமை வரேல்லையே" என்றார் மூப்பர்.

"இல்லை மூப்பர். இருந்த பொறுமையும் போயிட்டுது."

யாரோ ஏசினார்கள். அம்மா எழும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் இரண்டு பெண்கள் வந்து அவருக்குப் பக்கத்தில் இருந்தார்கள், பிறகு இன்னும் சிலர். சுருவத்தைச் சுமந்தவர்களின் தோள் நடுங்கத் தொடங்கியது. கடைசியில் சுவாமியாரே கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்து, "அந்த அம்மா கேக்கிறது நியாயம்தானே, பெரிய வள்ளம் நிக்கட்டும், சுருவத்தைச் சின்னதில ஏத்துங்கோ" என்றார். அன்றிலிருந்து திருநாட்களில் ஒரு வள்ளம் துறையில் சும்மா நிற்கிறது. மூன்றாம் வருடம் பனையால் விழுந்த ஒரு மனிதரை அதில் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். அவர் அம்மன் கோயில்காரர். அம்மாதான் அவரோடு யாழ்ப்பாணம் வரை கூடப் போனார். யாருக்கு முன்னாலும் தலை நிமிர்த்திப் பேசாத ஒரு பெண்ணாகத்தான் அம்மாவை ஜெசிந்தாவின் அந்தக் காய்ச்சலுக்கு முன் நான் கண்டிருந்தேன். துன்பம் அவரை வேறொருவராக ஆக்கியது உண்மை. அதில் கடவுளின் கை இருந்தது என்று அம்மா சொன்னால் நான் வாதாடமாட்டேன். அந்தக் கை முதலில் என் தங்கையின் காதைப் பொத்தியது என்று வேறு யாரும் சொல்லவேண்டாம்.

போன திருநாளுக்கு நானும் ஊருக்குப் போயிருந்தேன். பயணிகள் படகில் இப்போது கதிரைகள் இருக்கின்றன. மூப்பர் செத்துப் பல வருடம். முருகைக்கல் மதிலில் பாதியை இடித்துச் சீமெந்தில் கட்டிவிட்டார்கள். வேலணையில் தையற்கடை வைத்திருக்கும் ஜெசிந்தாவும் வந்திருந்தாள். பிரசங்கம் செய்யவென்று வெளியிலிருந்து வந்த இளம் சுவாமியார், இந்தக் கோயிலில் ஒரு தாய் இருக்கிறார் என்று தொடங்கினார். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது, கடல் கொந்தளித்தது, போக வழியில்லை, பிள்ளையின் செவி போனது, அந்தச் சோதனையால் ஆண்டவர் அத்தாயை ஊருக்கே உதவும் பாத்திரமாக வனைந்தெடுத்தார் என்றார். சனம் கண்ணைத் துடைத்தது. அவருடைய கதையில் காற்று இருந்தது, கடல் இருந்தது, கடவுள் இருந்தார். வள்ளத்தைக் காணவில்லை. துறையில் நாங்கள் காத்திருந்த நாலரை மணித்தியாலத்தையும் காணவில்லை.

என்ன சொல்கிறார் என்று ஜெசிந்தா கையால் கேட்டாள். நான் சொன்னேன். அவள் விரலால் தன் நெஞ்சைத் தொட்டு, சுவாமியாரைக் காட்டி, உள்ளங்கையை விரித்தாள். என்னிடம் கேட்டாரா என்று.

பூசை முடிந்ததும் அம்மா நேரே சுவாமியாரிடம் போனார். "சுவாமி, அண்டைக்கு ஒரு வள்ளம் துறையில நிண்டது. தரேல்லை. இனிச் சொல்லேக்க அதையும் சேத்துச் சொல்லுங்கோ."

சுவாமியார் சங்கடப்பட்டுச் சிரித்தார். "அது பழைய கதையெல்லோ அம்மா. சொன்னால் மூப்பரின்ர ஆக்களுக்கு மனம் நோகும்."

"நோகட்டும் சுவாமி" என்றார் அம்மா. "அவையும் கொஞ்சம் வளரட்டும்."