டிரம்மர் வீட்டுக் குடித்தனக்காரர்கள்

காலையில் எழுந்ததும், பல் விளக்குவதற்கு முன்னால், டிரம்மர் தரையில் மண்டியிட்டு மீன் தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரியைத் திறந்து ஃபில்டரின் வயிற்றில் காதை வைக்கிறார். கண்ணை மூடிக்கொள்கிறார். யாராவது பேச்சுக் கொடுத்தால் ஒற்றை விரலை உயர்த்தி அடக்குகிறார். கொஞ்ச நேரம் கழித்து, "ம்… நல்லாத்தான் மூச்சு விடுறான்" என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கிறார். அப்போது முட்டி இரண்டும் சடசடவென்று நெட்டி முறிக்கும். ஃபில்டர் சத்தமே போடாது. அந்த முட்டிகளின் சத்தத்தில்தான் வீடு கண் விழிக்கிறது.

டிரம்மர் என்றதும் மேடை, வண்ண விளக்கு, நீள முடி என்று கற்பனையை ஓட விட வேண்டாம். அவர் எதையும் வாசித்ததில்லை. வாஷிங் மெஷின் மெக்கானிக். மெஷினுக்குள் இருக்கும் டிரம்மைக் கழற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் படியிறங்கி வருவதைப் பார்த்து யாரோ ஒரு குறும்புக்காரர் வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. அவருடைய மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். கத்தி, கத்தரிக்கோல், இடுக்கி எல்லாவற்றையும் நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்கும் பிரிவில் வேலை. தெருவே அவரை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுகிறது. அப்படிக் கூப்பிட முடியாத ஒரே ஆள் டிரம்மர்தான், பாவம்.

வேலைக்குப் போகும் வீடுகளில் டிரம்மரின் வாய் சும்மா இருக்காது. "ஃபில்டரைக் கழுவவே மாட்டீங்களாம்மா? உள்ள கிடக்கிற நூலை எடுத்தா ஒரு சட்டையே தைக்கலாம்!" என்று போகிற இடமெல்லாம் சத்தம் போட்டுவிட்டு வருவார். அதே மனிதர் தம் வீட்டு ஃபில்டர் பக்கம் யாராவது ஈரத் துணியோடு போனால் போதும், "ஐயோ, அதைத் தொடாதீங்க!" என்று சாப்பாட்டுக் கையோடு எழுந்து ஓடி வருகிறார்.

இந்த ஃபில்டரைத் தேர்ந்தெடுக்க அவர் பட்ட பாட்டில் இன்னொருவர் வீடே கட்டி முடித்திருப்பார். அவருடையது வெறும் மீன் தொட்டி இல்லை. அடி மண்ணில் வேர்விட்டு, கண்ணாடி முழுக்க அடர்ந்து நிற்கும் செடிக்காடு. அதற்குள் சிவப்புக் கோடு போட்ட குட்டி மீன்கள் கூட்டமாகத் திரியும். முதலில் தொட்டியின் விளிம்பில் தொங்குகிற ஃபில்டரை வாங்கினார். தண்ணீர் கொட்டிய வேகத்தில் ஊன்றிய செடிகள் வேரோடு எழும்பி மிதந்தன. மீன்கள் பஸ் படியில் தொங்குகிறவர்களைப் போல ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு தவித்தன. அடுத்து, காற்றுக் குமிழியால் ஓடும் ஸ்பாஞ்சு ஃபில்டர். மீன்களுக்குச் சுகம்தான். ஆனால் ஓட்டம் போதாமல் இலைமேல் தூசி படிந்தது. பச்சைக் காட்டுக்கு நடுவே கன்னங்கரேலென்று ஒரு ஸ்பாஞ்சு வேறு. "அழகான முகத்துல மூக்கு மேல பரு மாதிரி" என்று அதையும் ஓரம் கட்டினார்.

கடைசியில் வந்ததுதான் இது. மூடி போட்ட வாளி போலத் தொட்டிக்கு வெளியே, கீழே, அலமாரிக்குள் நிற்கிறது. ஒரு குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கி, உள்ளே அடுக்கியிருக்கும் ஸ்பாஞ்சுகளையும் பீங்கான் வளையங்களையும் கடந்து, இன்னொரு குழாய் வழியாக மேலே ஏறுகிறது. மீன் கடைக்காரர், "இது உங்க தொட்டிக்குப் பெரிசுங்க, செடியெல்லாம் பிச்சுக்கும்" என்று தடுத்துப் பார்த்தார். டிரம்மரா கேட்பார்! நீளமான ஒரு குழாயில் வரிசையாக ஓட்டை போட்டு, மேலே வரும் தண்ணீரை அதன் வழியாகக் கண்ணாடிச் சுவரைப் பார்த்துத் திருப்பிவிட்டார். சுவரில் மோதி வேகம் அடங்கிய தண்ணீர், தொட்டி முழுக்க மெதுவாகப் பரவியது. "இலை தலையாட்டணும். தலைவிரிச்சு ஆடக் கூடாது. அவ்ளோதான் கணக்கு" என்பது அவர் வாக்கு. கடைக்காரர் இப்போது புதிதாக வருபவர்களிடம் இந்த வசனத்தைத் தம் சொந்தச் சரக்குபோல எடுத்துவிடுகிறார். டிரம்மருக்கு அதில் கொள்ளைப் பெருமை.

ஃபில்டருக்குள் இருப்பவர்களை அவர் 'குடித்தனக்காரங்க' என்கிறார். வேறு யாரும் இல்லை, நுண்ணுயிர்கள்தான். "மீனோட கழிவு தண்ணியில விஷமாயிடும். அதைத் தின்னு தீர்க்கிறது யாரு, நானா? இவங்கதான். கண்ணுக்குத் தெரிய மாட்டாங்க, வாடகை தர மாட்டாங்க, ஆனா வீடு நிக்கிறதே இவங்களாலதான். மிச்சம் மீதியைச் செடி சாப்பிட்டுக்கும்." இலைகள் தலையாட்டுவது குறைந்தால், ஓட்டம் அடைபடுகிறது என்று பொருள். அன்றைக்குத்தான் ஃபில்டரைத் திறப்பார். குழாய்த் தண்ணீர் கூடாது, அதில் கலந்திருக்கும் மருந்து குடித்தனக்காரர்களுக்கு ஆகாது. தொட்டித் தண்ணீரையே ஒரு பக்கெட்டில் பிடித்து, அதில் ஸ்பாஞ்சை இரண்டு தரம் பிழிவார். பீங்கான் வளையங்களை லேசாக அலசுவதோடு சரி. அதுவும் எல்லாவற்றையும் ஒரே நாளில் அல்ல. "பாதிப் பேரைத் தொந்தரவு பண்ணா மீதிப் பேராவது வேலை பார்க்கணும்ல?" பிழிந்த காபி நிறத் தண்ணீர் மாடியில் இருக்கும் ரோஜாத் தொட்டிகளுக்குப் போகிறது. ரோஜாக்கள் காய்த்துத் தொங்காத குறை, அப்படிப் பூக்கின்றன.

இவ்வளவு விவரமும் பிறக்கும்போதே வந்ததா என்றால், இல்லை. தொட்டி வைத்த புதிதில் ஒரு நாள், அழுக்கேறிய ஸ்பாஞ்சைப் பார்த்து மனம் பொறுக்காமல், வாஷிங் மெஷின் மெக்கானிக் என்ன செய்வாரோ அதைச் செய்தார். மெஷினில் போட்டார்! சோப்புத்தூளும் சேர்த்து. ஸ்பாஞ்சு கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்ததைவிடப் பளிச்சென்று வந்தது. "இன்னிக்குத்தான் இது வீடு மாதிரி இருக்கு" என்று சிஸ்டர் பாராட்டினார். தொட்டித் தண்ணீர் பால்போல வெளுத்தது. அந்த வாரத்திலேயே ஒரு மீன் மிச்சமில்லை. காலியான தொட்டிமுன் உட்கார்ந்து டிரம்மர் அழுததைத் தெருவில் பார்த்தவர்கள் உண்டு. அதன்பிறகு ஒவ்வொரு செடியாக, ஒவ்வொரு மீனாக அவர் வளர்த்தெடுத்ததுதான் இப்போதிருக்கும் காடு.

சிஸ்டர் மட்டும் மசியவில்லை. "ஊர்க் கிருமியை எல்லாம் நான் ஆஸ்பத்திரியில கொன்னுட்டு வரேன். இவரு வீட்டுல அதுக்கு ரூம் போட்டுக் கொடுத்திருக்காரு" என்பார். அந்த அலமாரிக் கதவை அவர் திறந்ததே இல்லை, போன மாதம் வரை.

போன மாதம் டிரம்மருக்கு வெளியூரில் வேலை. ஒரு பெரிய சலவைக்கூடத்தில், ஆள் நுழையும் அளவுக்கு இருக்கும் மெஷின் ஒன்று படுத்துவிட்டது. தோள்வரை கையைவிட்டு உள்ளே உறைந்து கிடந்த சோப்புத்தூளைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"ஏங்க, இங்க நீங்க கிளம்பின உடனே கரண்ட் போயிடுச்சு. டிரான்ஸ்பார்மர் எரிஞ்சு போச்சாம், சாயங்காலம்தான் வருமாம். ஃபிரிட்ஜ்ல இருக்கிற பாலைக் காய்ச்சி வெச்சிடவா?"

பால் டிரம்மரின் காதில் விழவேயில்லை. அவருக்கு உயிரே போய்விட்டது. ஓட்டம் நின்றால் மூடிய வாளிக்குள் குடித்தனக்காரர்களுக்குக் காற்று வராது; மூச்சு முட்டிச் செத்து அழுகிவிடுவார்கள். மறுபடி கரண்ட் வரும்போது ஃபில்டர் அந்த அழுகலை அப்படியே தொட்டிக்குள் கொட்டும். அப்புறம் காடு ஏது, மீன் ஏது!

"நான் சொல்றதைக் கேளு. முதல்ல ஃபில்டர் பிளக்கைப் பிடுங்கு. பிடுங்கிட்டு அதைத் திற."

"யாரு, நானா? அந்தச் சேத்தையா?"

"உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

"வேலைக்குச் சேர்ந்த நாள்ல இருந்து கிருமியைக் கொன்னுக்கிட்டு இருக்கேங்க. இப்போ காப்பாத்தச் சொல்றீங்களா?"

"ஒரே ஒரு நாள் கட்சி மாறிக்கோ, தாயே!"

சிஸ்டர் என்ன நினைத்தாரோ, "இருங்க, கையுறை போட்டுக்கறேன்" என்றார். டிரம்மர் சொல்லச் சொல்ல, இரண்டு குழாய்களின் திருகுகளையும் மூடினார். வாளியை வெளியே இழுத்தார். நான்கு பக்கக் கொக்கிகளையும் விடுவித்தார். மூடி திறக்கும் 'பொளக்' சத்தம் போனிலேயே கேட்டது.

"இப்போ மோந்து பாரு. அழுகின முட்டை நாத்தம் அடிக்குதா?"

போனில் மூச்சை இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. டிரம்மருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சுற்றிலும் மற்ற மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"இல்லீங்க…" சிஸ்டரின் குரலில் அவரையும் மீறி ஓர் ஆச்சரியம். "மண்ணு வாசனை வருது. மழை பெஞ்சா வருமே, அது."

"உசுரோட இருக்காங்க!" டிரம்மர் போட்ட கூச்சலில் சலவைக்கூடமே திரும்பிப் பார்த்தது. மேனேஜர் ஓடி வந்தார்.

"யாருங்க? ஏதாவது விபத்தா?"

"நம்ம வீட்டுக் குடித்தனக்காரங்க சார். எல்லாரும் தப்பிச்சுட்டாங்க!"

"அப்பாடா. எத்தனை பேரு?"

"அதை எண்ண முடியாது சார்."

மேனேஜர் வந்த வழியே திரும்பிப் போனார். டிரம்மர் சிஸ்டரிடம் மீதியைச் சொல்லி முடித்தார். அகலமான தட்டுகளில் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சமாக ஊற்றி, ஸ்பாஞ்சையும் வளையங்களையும் காற்றுப் படும்படி பரப்ப வேண்டும். ஜன்னல் திரையை விலக்க வேண்டும், வெளிச்சம் பட்டால் செடி தண்ணீருக்குக் காற்றுக் கொடுக்கும். தொட்டித் தண்ணீரை அவ்வப்போது மொண்டு உயரத்தில் இருந்து ஊற்ற வேண்டும். சொல்லிவிட்டு மெஷினை அவசரமாக ஓட வைத்துக் காட்டி, கிடைத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டார். டிரம்மரின் புலம்பலில் வழி முழுக்கப் பக்கத்து சீட்டுக்காரர் தூங்கவில்லை, பாவம்.

படி ஏறும்போதே வீட்டுக்குள் மின்விசிறி சுழலத் தொடங்குவது தெரிந்தது. கரண்ட் வந்துவிட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே பாய்ந்தார்.

அடேயப்பா, அந்தக் காட்சி! தரையில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் எவர்சில்வர் தட்டுகளை வரிசை பிசகாமல் வைத்திருந்தார் சிஸ்டர். ஒவ்வொன்றிலும் ஸ்பாஞ்சும் வளையங்களும் ஆபரேஷனுக்கு எடுத்துவைத்த கருவிகளைப் போல அடுக்கியிருந்தன. தொட்டிக்குள் ஒவ்வொரு இலை நுனியிலும் குமிழ் கட்டி மின்னியது. சிவப்புக் கோட்டுக் கூட்டம் ஒன்றுகூடக் குறையாமல் கண்ணாடியோரம் வந்து நின்றது. சிஸ்டர் முகமூடியும் முழங்கை வரை கையுறையும் மாட்டிக்கொண்டு, சொம்பில் தண்ணீரை மொண்டு உயரத் தூக்கி ஊற்றிக்கொண்டிருந்தார். பகல் முழுக்க அதே வேலைதான் போலிருக்கிறது, தோள்வரை நனைந்திருந்தார். டிரம்மருக்குத் தலைகால் புரியவில்லை. "ஜெயிச்சுட்டோம்! ஜெயிச்சுட்டோம்மா!" என்று கத்திக்கொண்டே முதல் தட்டில் இருந்த ஸ்பாஞ்சைத் தூக்க இரண்டு கைகளையும் நீட்டினார்.

சிஸ்டரின் முழங்கை குறுக்கே வந்தது.

"நில்லுங்க. கையைக் காட்டுங்க."

காட்டினார். நகக்கண்ணில், ரேகையில், மணிக்கட்டு மடிப்பில், எங்கே பார்த்தாலும் வெள்ளையாகச் சலவைக்கூடத்துச் சோப்புத்தூள்.

"அறிவிருக்கா? இந்தக் கையோடயா அவங்களைத் தொடப் போறீங்க?"

சிஸ்டர் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப்போனார். நகம் தேய்க்கும் பிரஷ்ஷை எடுத்து விரல் விரலாக, நகம் நகமாக, முழங்கை வரைக்கும் தேய்த்துவிட்டார். குழாயை மூடினார். சொம்பில் கொஞ்சம் தொட்டித் தண்ணீரை மொண்டுவந்து, அந்தக் கைகளின் மேல் மெதுவாக ஊற்றி ஒரு தரம் அலசினார். பிறகுதான் ஸ்பாஞ்சை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.