குரல் கொடுப்பவனின் பங்கு

1975இல் செங்கல்பட்டு டாக்டர் ஒருவரிடம் இ.சி.ஜி. எடுக்கும் வேலை பார்த்துவந்த சுராயாவுக்கு மூக்கின்மேல் கோபம். ஒருநாள், சதுரங்கப்பட்டினத்தில் கரைவலை இழுக்கும் செங்கல்வராயனின் இதயக் கோடு காகிதத்தில் தாறுமாறாக நடுங்கியது. பதறிப்போய்ப் பார்த்தால், மனிதர் ஒயரைக் கயிறுபோல் இறுக்கிப் பிடித்திருந்தார்.

“கைய வுடுங்க நைனா! உங்க பிடியத்தான் மெஷின் எழுதுது!”

விட்டார். கோடு அழகாக ஓடியது. சுராயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இதயத்துல ஒரு மூலையில கரண்ட் கெளம்பும். ஒரு செல்லு பக்கத்து செல்லுக்குக் குடுக்கும், எல்லாம் ஒண்ணா இழுக்கும். அது கெட்டுப்போனா ஆளுக்கொரு பக்கம் துடிக்கும்.”

“எங்க வலையேதாம்மா! ஒருத்தன் குரல் குடுப்பான், அம்பது பேரு இழுப்போம்.”

மறுவாரம் சங்கரா மீனோடு வந்து நின்றார்.

“எனக்கா?”

“குரல் குடுக்கறவனுக்குத் தனிப்பங்கு எங்க வழக்கம். அறுபது வருசமா என் நெஞ்சுக்குள்ள ஒருத்தன் கத்திகினு கீறான், ஒருநாளும் குடுத்ததில்ல. அவனுக்காக நீ துன்னும்மா!”