பெட்டி மூடுமுன்

சித்தப்பா சுகமில்லாமல் கொழும்பிலிருந்து அனலைதீவுக்குத் திரும்பி வந்தபோது, அவரைத் தாங்கிப் பிடித்துப் படகிலிருந்து இறக்கியவர் அவருடைய சிநேகிதர். கொழும்பில் இருவரும் ஒரே வீட்டில் புருசன் பெண்சாதிபோல் வாழ்ந்தார்கள் என்ற கதை அவர்களுக்கு முன்பே கரையேறியிருந்தது. எங்கள் ஊரில் படகு பிந்தும், கதை பிந்தாது.

அப்பா தம்பியை ஏற்றுக்கொண்டார், சிநேகிதரை அல்ல. "அவன் என்ரை கண்ணிலை படக்கூடாது" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். ஆனால் எழும்பி நடக்க ஏலாத ஒருவரைத் தூக்கிக் குளிப்பாட்ட அம்மாவால் முடியாது. அப்பாவோ விடியமுன் கடலுக்குப் போகிறவர். ஆகவே அவர் போனதும் சிநேகிதர் வருவார். படகு திரும்பும் சத்தம் கேட்டால், பின்வேலியால் நழுவி, கோயிலடியில் தான் தங்கியிருந்த வெறும் வீட்டுக்குப் போய்விடுவார். சத்தத்தை முதலில் கேட்டுச் சொல்கிறவள் நான். ஏழு வயதில் எனக்கு அது நல்லதொரு ஒளித்துப்பிடித்து விளையாட்டு.

முதலில் அம்மாவும் அப்பாவின் கட்சிதான். சிநேகிதருக்கென்று ஒரு பிளாஸ்ரிக் கோப்பையை ஒதுக்கி, தேத்தண்ணீரை வாசற்படியில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். ஒருநாள் சித்தப்பா குடித்த கஞ்சியை அப்படியே சத்தி எடுத்தார். சிநேகிதர் இரண்டு கைகளாலும் அதை ஏந்தினார். பிறகு அவருடைய வாயைத் துடைத்து, "ஒண்டுமில்லையப்பா, இன்னும் கொஞ்சம் குடிப்பமே?" என்றார். அம்மா குசினி வாசலில் அகப்பையுடன் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானம் அம்மா குசினிக்குள் சிநேகிதருக்கு ஒரு கதிரை போட்டார். "தம்பி, நீரும் இருந்து சாப்பிடும். உமக்கும் உடம்பு வேணுமெல்லே."

அதன்பிறகு இருவரும் நோயாளிக்கு என்ன கொடுக்கலாம் என்று கதைத்துக்கொண்டே மீன் வெட்டினார்கள். அப்பா இது எதையும் காணவில்லை. எங்கள் விளையாட்டு அவ்வளவு திறமாக நடந்தது. கண்டிருந்தால் அவருடைய மனமும் இளகியிருக்குமோ என்று இன்றைக்கும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மழை தொடங்கிய மாதத்தில் சித்தப்பா போய்விட்டார். செத்தவீட்டுக்கு வந்த சிநேகிதரை அப்பா உள்ளே விடவில்லை. அவர் வேலிப் படலைக்கு வெளியே நின்றார்.

எங்கள் வழக்கப்படி சவப்பெட்டியை மூடுமுன் உறவினர் ஒவ்வொருவராக வந்து நெற்றியில் முத்தமிடுவார்கள். புருசன் செத்தால் பெண்சாதிக்குத்தான் கடைசி முறை. அவள் முத்தமிட்டதும் மூடிவிடுவார்கள். சித்தப்பா கலியாணம் கட்டாதவர் என்பதால் அப்பா கடைசியாகக் குனிந்தார். மூடியைத் தூக்கினார்கள்.

"பொறுங்கோ, இன்னும் ஒராள் இருக்கு" என்றார் அம்மா.

"ஆர்? எல்லாரும் கொஞ்சியாச்சு" என்றார் அப்பா.

அம்மா படலைக்குப் போய், மழையில் தோய்ந்து நின்றவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். ஊரே எட்டிப் பார்த்தது. அப்பா சுவரைப் பார்த்தார். குனிந்த சிநேகிதர் நிமிர நெடுநேரமானது. அதன்பிறகுதான் மூடினார்கள்.

அடுத்த நாள் படகில் அவர் போய்விட்டார், பிறகு வரவே இல்லை. அம்மாவும் அப்பாவும் பல நாட்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த வயதில் எனக்கு அம்மாமேல்தான் கோபம். பாவம், வெளியே தூரத்தில் நின்றபடியால்தானே அந்த மனிதருக்கு எல்லாருக்கும் கடைசியாக முறை வந்தது, கொஞ்சம் முன்னரே கூப்பிட்டிருக்கலாமே என்று நினைத்தேன்.