கருப்பையாவுக்கு அக்கா வைத்த கஞ்சி

எங்கள் அக்கா இறைவனிடம் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்கள் அக்காவின் பொறுமையைப் பற்றி நான் நாலு வார்த்தை எழுதியிருப்பேன் என்று புரட்டுவீர்கள். பொறுமையா? குழம்பில் உப்புக் கூடினால் கரண்டியை வீசுகிறவர் அக்கா. அவரிடம் நிறைய இருந்தது பயம்தான். இடிக்குப் பயம், பாம்புக்குப் பயம், பேர் தெரியாத எல்லாவற்றுக்கும் பயம். பயந்துகொண்டே செய்ய வேண்டியதைச் செய்துவிடுவார். அப்படி அவர் செய்த ஒரு காரியத்தைத்தான் இங்கே எழுதப்போகிறேன். கடைசி நாட்களில் அவரே எழுதச் சொன்னார்.

அக்கா பிறந்தது ஆவூர்ப் பக்கம், மாதா கோவில் மணி கேட்கும் தூரத்தில். அப்பாவுக்கு மானாவாரி நிலம். மழை பெய்தால் கடலை, பெய்யாவிட்டால் கடன். அம்மா பிரசவத்தில் போய்விட, என்னை வளர்த்தது அக்காதான். அடுப்படியில் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே பாடம் படித்து, திருச்சியில் கன்னியர் விடுதியில் தங்கி ஆசிரியப் பயிற்சியும் முடித்தார். போர் நடந்துகொண்டிருந்த காலம். அரிமளத்துக்கு அப்பால் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. கல்யாணமாகாத பெண்ணைத் தனியே விடலாமா என்று அப்பா என்னையும் துணைக்கு அனுப்பினார். அந்த ஊரில் என்னைச் ‘சின்ன டீச்சரம்மா’ என்றார்கள். படிப்பு வராத எனக்கு அந்தப் பேர் மிகவும் பிடித்திருந்தது.

பள்ளிக்கூடம் கண்மாய்க் கரைக்குக் கீழே ஓர் ஓட்டுக் கொட்டகை. மழை பொய்த்து, கண்மாய் வெடித்துக் கிடந்தது. பிள்ளைகள் பசியில் பலகையிலேயே சாய்ந்து தூங்குவதைப் பார்த்து, ஊர்க் கமிட்டியார் மத்தியானக் கஞ்சிக்கு ஏற்பாடு செய்தார்கள். காலையில் வரும்போது ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு பிடி தானியம் கொண்டுவந்து பானையில் போட வேண்டும். வரகரிசியோ கேழ்வரகோ கம்போ, எது கிடைக்கிறதோ அது. எல்லாவற்றையும் சேர்த்து நான் கஞ்சி காய்ச்சுவேன். பனையோலையை மடித்துக் கட்டிய பட்டையில் ஊற்றிக் கொடுப்போம். பிடி போடாத வீட்டுப் பிள்ளைக்குப் பட்டை கிடையாது. சாப்பாட்டு நேரத்தில் அது வெளியே போய்விட வேண்டும்.

சரி, இல்லாதவனுக்கு இருக்கிறவன் போடலாமே என்று கேட்பீர்கள். முதலில் அப்படித்தான் நடந்தது. ஒரு நிலக்காரர் நாலைந்து வீட்டுப் பிள்ளைகளுக்குத் தாமே தானியம் அனுப்பினார். பிறகு அந்த வீட்டு ஆண்களைக் கூலியில்லாமல் வேலைக்குக் கூப்பிட்டு, “ஒம் புள்ள வயித்துல கெடக்குறது யாரு வீட்டுத் தானியம்?” என்றார். அடிதடியாகிவிட்டது. அதிலிருந்து ஒரு வீட்டுத் தானியம் அந்த வீட்டுப் பிள்ளைக்கு மட்டும்தான் என்று கமிட்டி கட்டளை போட்டது. டீச்சர் வீட்டுக்கும் அதே கட்டளைதான். ஆகவே அடைக்கி என்ற சிறுமிக்காக அக்காவால் ஒரு பிடிகூடப் போட முடியவில்லை.

அடைக்கியின் அப்பா ரங்கூனுக்குப் போனவர். போர் தொடங்கியதிலிருந்து தகவலே இல்லை. அவள் அம்மா விடிவதற்குள் கூலிக்குப் போய்விடுவாள். பிடி கொண்டுவராத மற்றப் பிள்ளைகள் மத்தியானம் வீட்டுக்கு ஓடும். அடைக்கிக்கு வீட்டில் யாரும் இல்லை, எதுவும் இல்லை. புளியமரத்தடியில் நிற்பாள். “காலையில என்ன சாப்பிட்டே?” என்று அக்கா கேட்டால், “புளியங்கொட்டை வறுத்தது” என்பாள். ஒருநாள் “கத்தாழைக் கெழங்கு” என்றாள். அன்றைக்கு அக்கா சாப்பிடவில்லை.

அந்த ஆடியில் ஊரில் காய்ச்சல் வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்துக் கருப்பையா படுத்தான். வைத்தியர் லங்கணம் போடச் சொன்னார். காய்ச்சல் இறங்கும்வரை பச்சைத்தண்ணீர் தவிர எதுவும் கொடுக்கக் கூடாது. “ஆத்தா, ஒரு வாய் கஞ்சி குடு ஆத்தா” என்று பையன் கேட்டுக்கொண்டே இருந்தானாம். அவனுக்கு வாசனை எட்டிவிடக் கூடாது என்று அவன் அம்மா காத்தாயி அடுப்பே பற்றவைக்காமல் தானும் பட்டினி கிடந்தார். காய்ச்சல் இறங்கியது. அன்றைக்கே உயிரும் போயிற்று.

காரியம் முடிந்த மறுநாள் காலை, பிள்ளைகள் பானையில் தானியம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வரிசையின் கடைசியில் காத்தாயி நின்றார். கையில் ஒரு பிடி வரகரிசி.

“நீங்க எதுக்கு ஆத்தா வந்தீங்க?” என்று அக்கா மெதுவாகக் கேட்டார்.

“எம்மவன் பங்கு, டீச்சரம்மா. தானியம் போட்ட வீட்டுப் புள்ளைக்குக் கஞ்சி உண்டுன்னுதானே கட்டளை? போட்டுட்டேன். பேரைச் சொல்லிக் கூப்பிட்டு அவனுக்குப் பட்டை வைங்க. பசியோட போன புள்ள அவன்.”

யாருக்கு மறுத்துச் சொல்ல வாய் வரும்? அக்கா தலையாட்டிவிட்டார்.

மத்தியானம் வரிசையாகப் பேர் கூப்பிட்டுக் கஞ்சி ஊற்றுவது வழக்கம். பிள்ளைகள் “உள்ளேன்” என்பார்கள். “கருப்பையா” என்று அக்கா கூப்பிட்டார். ஒரு பிள்ளை பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டு, வரிசைக் கடைசியில், பின்வாசல் ஓரமாக அவன் உட்காரும் இடத்தில் பட்டையை வைத்தார். சாப்பாடு முடிந்ததும் காத்தாயி வந்து பார்த்தார். பட்டை நிறைந்தபடி இருந்தது. எறும்பு மொய்த்திருந்தது. “இன்னும் கோவம் தீரலையாடா எஞ்சாமி” என்று நெஞ்சில் அறைந்துகொண்டு அவர் அழுத அழுகையைக் கேட்டுச் சின்னப் பிள்ளைகளும் அழுதன.

அடுத்த நாள் கஞ்சியைக் கையில் எடுக்குமுன் வழக்கம்போல எல்லோரும் கண்ணை மூடி வணக்கப் பாட்டுப் பாடினோம். பாட்டு முடிந்து கொஞ்ச நேரம் மௌனம். கண்ணைத் திறந்து பார்த்தால் கருப்பையாவின் பட்டை காலி.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. பயம் மட்டும் உண்டு. ஓலைக் கிழிசலில் வடிந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு பட்டையைத் தூக்கிப் பார்த்தேன். கிழிசல் இல்லை. தரை நனையவும் இல்லை. காத்தாயி வந்து பார்த்தார். முகம் தெளிந்து, “குடிச்சுட்டான்” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முதல் தினமும் அப்படியே நடந்தது. உச்சி வெயிலில் ஊரே அடங்கிக் கிடக்கும். அக்கா பேர் கூப்பிடுவார், காத்திருப்பார், பட்டை வைப்பார். கண் மூடித் திறந்தால் காலி. பிள்ளைகள் அந்த இடத்தைவிட்டு ஒதுங்கி ஒருவர்மேல் ஒருவராக நெருங்கி உட்கார்ந்தார்கள். ஒருநாள் ஒரு சின்னப் பையன் கஞ்சி குடிக்காமல் சிணுங்கினான். ஏன் என்று கேட்டதற்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தைக் காட்டி, “இவன் இடிக்கிறான், சின்ன டீச்சரம்மா” என்றான்.

அவனைத் தூக்கிக்கொண்டுபோய் வேறு பக்கம் உட்காரவைத்தேன்.

செய்தி ஊருக்குள் பரவாமல் இருக்குமா? “உச்சி நேரத்துல பேரைச் சொல்லிக் கூப்பிட்டா வராம இருப்பானா? நாளைக்குத் தொணைக்கு ஒண்ணைக் கூட்டிக்கிட்டுப் போவான்” என்று பிள்ளைகளை நிறுத்த ஆரம்பித்தார்கள். கமிட்டித் தலைவர் வந்தார். கொட்டகைக்குள் கால் வைக்காமல் வாசலிலேயே நின்று பேசினார்.

“டீச்சரம்மா, நாளையிலேருந்து அந்தப் பட்டை வைக்கக் கூடாது. வச்சா பானையைத் தூக்கிட்டுப் போயிருவோம். எந்தப் புள்ளைக்கும் கஞ்சி கெடையாது.”

“காத்தாயிகிட்ட நீங்களே சொல்லிருங்க.”

அவர் கண்மாய்ப் பக்கம் பார்த்தார். “அதை நீங்கதான் சொல்லணும்” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

அக்கா சொல்லவில்லை. மறுநாள் காத்தாயியின் கையிலிருந்த வரகரிசி பானையில் விழுந்தது. “பானை போயிருச்சுன்னா இத்தனை புள்ளைகளும் அடைக்கி மாதிரி நிக்குமே, அக்கா” என்றேன். “தெரியுதுடி, சும்மா இரு” என்று எரிந்து விழுந்தார். தலைவர் மத்தியானமே வந்து வாசலில் நின்றுவிட்டார். காத்தாயியும் அன்றைக்கு முன்னதாக வந்திருந்தார். அக்கா பேர் கூப்பிட்டார், பட்டை வைத்தார், பாட்டுப் பாடினோம், கண்ணை மூடினோம்.

தலைவர் போட்ட சத்தத்தில் கண்ணைத் திறந்தேன். கருப்பையாவின் இடத்தில் அடைக்கி உட்கார்ந்து, பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தாள்.

“எந்திரிடி! அது செத்தவன் கஞ்சிடி!” என்று தலைவர் கத்தினார்.

அவள் நிறுத்தவில்லை. காத்தாயி மட்டும் அருகில் போய்க் குனிந்து, “யாரு ஒன்னயக் குடிக்கச் சொன்னா?” என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை.

“கருப்பையாதான். அவனால முழுங்க முடியலயாம், ஆத்தா. தொண்டையில எறங்க மாட்டேங்குதாம். தெனமும் மண்ணுலதான் போவுது. நீ குடின்னு சொன்னான்.”

காத்தாயி அப்படியே தரையில் உட்கார்ந்தார். அவர் அந்தப் பிள்ளையின் கழுத்தை நெரித்துவிடுவாரோ என்று எனக்குத் தோன்றியது, கையை அங்கேதான் கொண்டுபோனார். தொண்டைக்குழியில் விரலை வைத்து, “முழுங்கு” என்றார். அடைக்கி ஒரு மடக்குக் குடித்தாள். “இன்னொரு வாய்.” குடித்தாள். காத்தாயி அக்காவை நிமிர்ந்து பார்த்து, “எறங்குது, டீச்சரம்மா. எறங்குது” என்றார். பிறகு தலைவரைப் பார்த்தார்.

“இவ எங்க வீட்டுப் புள்ள. எங்க வீட்டு வரகு எங்க வீட்டுப் புள்ளைக்கு. ஒங்க கட்டளையில வேற ஏதும் இருக்குங்களா?”

தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அடுத்த நாளிலிருந்து அக்கா அந்த இடத்தில் அடைக்கியின் பேரைக் கூப்பிட்டார். இடிக்கிறான் என்று யாரும் சிணுங்கவில்லை. அடைக்கியின் அம்மா முதலில் வந்து மண்ணை வாரித் தூற்றினாள். பிறகு பெண்ணின் கன்னத்தில் சதை பிடிக்கவும் அடங்கிப்போனாள்.

சமஸ்தானம் போய்ச் சர்க்கார் மாறி, அக்காவும் பல ஊர் மாறினார். பொன்னமராவதிப் பக்கத்தில் இருந்தபோது ஓய்வு பெற்றார். நல்ல இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் பிள்ளைகளைத்தான் தன் பிள்ளைகளாக வைத்துக்கொண்டார். அவர்களுக்கு விழுந்த அடியெல்லாம் அந்தப் பாசத்தில்தான்.

கடைசியில் படுத்தபோது ஒரு பகல் வேளையில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அந்தக் கஞ்சியைக் கொட்டினது நான்தான்டி. நீங்கள்லாம் கண்ணை மூடியிருக்கறப்ப, பின்வாசல் சாம்பக் குழியில ஊத்திட்டு, சாம்பலைத் தள்ளி மூடிருவேன். காத்தாயி அழுததைத் தாங்க முடியலே.”

எத்தனையோ வருஷம் என் உடம்பைச் சிலிர்க்கவைத்த விஷயம்! எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. “அதை அடைக்கிக்குக் குடுத்திருக்கலாமே, அக்கா?” என்றேன்.

“செத்தவன் பேருக்கு வச்சதைக் குடிச்சு அந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிட்டா? எனக்குப் பயமா இருந்துச்சு. ஒரு புள்ள வெளியில பட்டினியா நிக்க, நான் கஞ்சியை மண்ணுல ஊத்தினேன்” என்று அழுதார். அடைக்கிக்கு நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள் என்று கேட்டதற்கு இல்லை என்று தலையை ஆட்டினார். “நான் கொட்டினதை அவ பாத்துட்டாளோன்னு கேக்கத் தைரியம் வரலே. நீ கேட்டு எழுது” என்றார். அது முடிந்து சில நாட்களில் போய்விட்டார்.

அக்காவைக் கைத்தாங்கலாகப் பார்த்துக்கொண்ட என் மருமகளுக்கும், வேளை தவறாமல் வந்து பார்த்த டாக்டருக்கும், நற்கருணை கொண்டுவந்த சாமியாருக்கும், பெட்டி சுமந்த பிள்ளைகளுக்கும், தூரம் பாராமல் வந்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அடக்கத்துக்குப் பேரன் துணையோடு பஸ் ஏறி வந்த அடைக்கிக்கும் நன்றி. தலை நரைத்து, பல் போய், ஆனால் நல்ல உடம்போடு இருக்கிறார். கல்லறையிலிருந்து திரும்பும்போது அவரிடம் கேட்டுவிட்டேன்.

“பாத்தேன், சின்ன டீச்சரம்மா. கஞ்சி வாசனைக்குப் பின்வாசல் செவுத்தோரம் வந்து நிப்பேன். அவுக அழுதுக்கிட்டே ஊத்துவாக.”

“அப்ப, கருப்பையா சொன்னதா நீ சொன்னது?”

அடைக்கி நின்றுவிட்டார். “அந்த வயசுல அப்புடி ஒரு பொய் சொல்லத் தெரியுமா எனக்கு? அவன் சாம்பக் குழிக்கிட்டக் குத்தவச்சு உக்காந்து, ஊத்துற கஞ்சியவே பாத்துக்கிட்டு இருப்பான். நானும் பாத்துக்கிட்டு நிப்பேன். அவுகதான் எங்க ரெண்டு பேரையும் பாக்கல.”

நினைவுப் பூசை முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போக வேண்டும். வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்து, அவர்களை உட்காரவைத்த பிறகுதான் உங்களுக்கு இலை போடுவோம். கொஞ்சம் தாமதமானால் சொந்தபந்தங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.